மலிவு விலை ஹோம் தியேட்டர்... வாங்கலாமா, வேண்டாமா?

பண்டிகை சீசன் வந்துவிட்டால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். "அஞ்சாயிரம் ரூபாய்க்கு ஆம்ப், அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்-வூஃபர் எல்லாம் சேர்த்துத் தர்றாங்க. பெரிய கம்பெனிக்குப் போனா ரிசீவர் மட்டுமே அதுக்கு அஞ்சாறு மடங்கு சொல்றாங்க. அப்படி என்னதான் இருக்கு அதுல?"

நியாயமான கேள்வி. போனஸ் பணம் சும்மா வருவதில்லை. விலை குறைவு என்பதற்காக எந்தப் பொருளையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் விலை குறைந்த ரிசீவர் வேறு, ரிசீவர் மாதிரி தெரிகிற பெட்டி வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பணம் தப்பிக்கும்.

முதலில், ரிசீவரின் வேலை என்ன? படத்தின் ஒலி 5.1 என்ற வடிவில் சுருட்டி வருகிறது. அதைப் பிரித்து, எது முன்பக்கம், எது பின்பக்கம், எது நடுவில் என்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். இதில் நமக்கு முக்கியமானது நடு ஸ்பீக்கர். வசனத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. "பேசுறதே கேக்க மாட்டேங்குது, சண்டை வந்தா மட்டும் வீடே அதிருது" என்பதுதானே பல வீடுகளில் புகார்? நல்ல ரிசீவரில் நடு ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். இரவில் வெடிச்சத்தத்தை அடக்கி, வசனத்தைத் தூக்கித் தரும் வசதியும் இருக்கும். நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு இதற்குத்தான். சத்தத்துக்காக அல்ல.

இப்போது கடையில் கவனிக்க வேண்டியவை.

வாட்ஸ் கணக்கு

அட்டைப்பெட்டியில் '10,000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம். பிஎம்பிஓ-வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் இல்லை. ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெட்டியைத் திருப்பி, பின்பக்க ஸ்டிக்கரில் எவ்வளவு கரன்ட் இழுக்கும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். சுவரிலிருந்து 60 வாட்ஸ் வாங்குகிற பெட்டி, ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து 1,000 வாட்ஸ் தர முடியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

பெரிய கம்பெனிகளும் பல எண்கள் சொல்வார்கள். யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 என்ற ஆரம்பநிலை ரிசீவருக்கே 70, 100, 135 என மூன்று வாட்ஸ் கணக்கு உண்டு. எத்தனை ஸ்பீக்கர் ஓடும்போது, எவ்வளவு ஒலிச்சிதைவோடு என்ற நிபந்தனையைப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். மூன்றில் சிறிய எண்ணை நம்புங்கள்.

அந்தச் சிறிய எண்ணே தாராளம். 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் இடையே 3 டெசிபல்தான் வேறுபாடு. சத்தம் இரண்டு மடங்காகக் காதில் விழ வேண்டுமானால் பவர் ஏறக்குறைய பத்து மடங்கு ஆக வேண்டும். நம் வீட்டு ஹாலில் சாதாரணமாகப் படம் பார்க்கச் சில வாட்ஸே போதும்.

ஒலி எந்த வழியாக உள்ளே போகிறது?

பெட்டியின் பின்னால் சிவப்பு, வெள்ளைத் துளைகளும் ப்ளூடூத்தும் மட்டும் இருந்தால் அதற்குள் போவது இரண்டே சேனல். ஸ்பீக்கர் ஐந்து இருந்தாலும் அந்த இரண்டைத்தான் பங்குபோட்டுக் கொடுக்கும். ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி அல்லது ஆப்டிகல் துளை இருக்க வேண்டும், கூடவே டால்பி டிஜிட்டல் டிகோடரும் இருக்க வேண்டும். ஒரு எளிய சோதனை: 5.1 ஒலியுள்ள படத்தில் இருவர் பேசும் காட்சியைப் போடச் சொல்லி, பின்பக்க ஸ்பீக்கரில் காதை வையுங்கள். முன்னால் கேட்கும் அதே வசனம் அங்கேயும் முழுதாகக் கேட்டால், நீங்கள் வாங்கப் போவது ஐந்து ஸ்பீக்கர் மாட்டிய ஸ்டீரியோ.

மேலே சொன்ன யமஹாவும், சோனியின் எஸ்டிஆர்-டிஹெச்590 என்ற மாடலும் 2018-ல் வந்த ஆரம்பநிலை ரிசீவர்கள். இரண்டிலும் நான்கு ஹெச்டிஎம்ஐ உள்ளீடு உண்டு. அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்துகொள்ள ஒரு குட்டி மைக்கும் கூடவே வரும். டால்பி அட்மாஸ் கிடையாது. கூரையில் ஸ்பீக்கர் மாட்டும் எண்ணம் இல்லாதவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. மலிவு என்றால் இந்த மாதிரி மலிவுக்குப் போகலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட் ஆம்ப் எப்படி?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் அசெம்பிள் செய்து தரும் ஆம்ப்களை எடுத்த எடுப்பில் ஒதுக்க வேண்டாம். ரிப்பேர் ஆனால் உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்துவிடுவார். உள்ளே என்ன ஐசி என்று கேளுங்கள். டிடிஏ 2030 என்றால் ஒன்றுக்குச் சுமார் 15 வாட்ஸ், டிடிஏ 7294 என்றால் அதிகபட்சம் 100 வாட்ஸ். எர்த் உள்ள மூன்று பின் பிளக், ஃபியூஸ் இரண்டும் இல்லாமல் வாங்காதீர்கள்.

பணத்தை எங்கே போடுவது?

ஸ்பீக்கரில். ஹெச்டிஎம்ஐ-யும் ஒலி வடிவங்களும் மாறிக்கொண்டே இருப்பதால் ரிசீவர் சீக்கிரம் பழசாகிவிடும். நல்ல ஸ்பீக்கர் அடுத்த ரிசீவருக்கும் உழைக்கும். 40,000 ரூபாய் இருந்தால் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்கி, நல்ல நிலையில் உள்ள பழைய ரிசீவரை வாங்குவதுகூட புத்திசாலித்தனம்தான். எல்லாத் துளைகளையும், எல்லாச் சேனல்களையும் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராக இருந்தால் நல்லது. ஃபோம் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சில வருடங்களில் உதிர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு ரிசீவரை ஷோகேஸுக்குள் வைத்துக் கதவை மூடாதீர்கள். மேலே நாலு விரல் அளவாவது காற்று போக இடம் விடுங்கள். துளைகள் வழியே பல்லியும் எறும்பும் குடியேறாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கவே வேண்டாதவர்களும் உண்டு. பத்துக்குப் பத்து ஹால், வாடகை வீடு, பெரும்பாலும் சீரியலும் யூடியூபும்தான் என்றால், ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்பும் இரண்டு நல்ல ஸ்பீக்கரும் போதும். அதற்கும் முன்னால் செலவில்லாத ஒரு வைத்தியம் பாருங்கள். ஓடிடி-யில் ஆடியோ மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 5.1 என்று போடாத தமிழைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் சவுண்டு செட்டிங்கில் குரலைத் தெளிவாக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். பாதி வீடுகளில் புகார் இத்தோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லை, வாங்கியே ஆக வேண்டும் என்றால், வீட்டில் காது கொஞ்சம் மந்தமான பெரியவர் யாரோ அவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். கடைக்காரர் பாட்டைப் போட்டு பாஸைத் தூக்கிக் காட்டுவார். அது வேண்டாம். வசனக் காட்சி ஒன்றைச் சத்தம் குறைவாக வைத்துப் போடச் சொல்லுங்கள். பெரியவருக்கு வார்த்தை புரிந்தால் பில் போடச் சொல்லலாம்.