காரை விட்டோம், கவலையை வாங்கினோம்

சகோதரிகளே, போன இதழில் முருங்கைக்கீரையைப் பற்றிப் பேசியவள் இந்தத் தடவை கார் என்ஜினைப் பற்றிப் பேச வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். அடுப்படிக்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பட்ட பிறகுதான் புத்தி வந்தது. நான் பட்டதை நீங்களும் பட வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். என் மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிஸிஸ். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சி டவுனில். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். முடித்து எழுந்தால் அவருக்குத் தலை சுற்றும், கால் தள்ளாடும். பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வரமுடியாது. என் கணவருக்கு வேலை நேரம் ஒத்துவராது. அதனால் வீட்டு வாசலில் நின்ற பழைய மாருதி 800ஐ என் நாற்பதாவது வயதில் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். அந்தக் காரின் தயாரிப்பையே 2014ல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்கு 'பாட்டி கார்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பாட்டியைச் சுமக்கிற பாட்டி!

2024 டிசம்பர், மார்கழி பிறந்து நாலைந்து நாள்தான் இருக்கும். காரை சர்வீஸுக்கு விட்டோம். பல வருஷமாகப் பழகிய வொர்க்‌ஷாப். ஆயில் மாற்றி, பிரேக் பார்த்து, சாயங்காலமே கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். பில் 3,200 ரூபாய். மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

மறுநாள் விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். என் மகள் காலேஜில் படிக்கிறாள். மார்கழி முழுக்கத் தினமும் கோலத்தைப் போட்டோ எடுத்து, பெங்களூரில் இருக்கும் அவள் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அன்றைக்கு, "அம்மா, கோலத்து ஓரத்துல என்னம்மா கறுப்பா?" என்றாள். பார்த்தால் காருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்த் திட்டு. "நேத்துதானே சர்வீஸ் பண்ணாங்க, கீழே சிந்தினது சொட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு இட்லிக்கு ஊற்றப் போய்விட்டேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

காலை எட்டரைக்கு மாமியாரையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போயிருப்பேன், ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் குவளை மாதிரி படம் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வருகின்றன. 'பாலத்தைத் தாண்டி நிறுத்தலாம்' என்று நினைத்தேன். தாண்டியதும், 'ஆஸ்பத்திரிதான் கிட்டே வந்துவிட்டதே' என்று நினைத்தேன். இது இரண்டாவது தவறு. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் 'டக் டக் டக்' என்று உரலில் இடிப்பது போல ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பினால் அசையக்கூட இல்லை.

டயாலிஸிஸ் காத்திருக்காது. மாமியாரையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வொர்க்‌ஷாப்காரருக்குப் போன் செய்தேன். உடனே வந்தார். பானெட்டைத் திறந்து ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். கம்பி காய்ந்திருந்தது.

"ஆயில் இல்லாம ஓட்டியிருக்கீங்களேம்மா! லைட் எரிஞ்சிருக்குமே, பார்க்கலையா? லேடீஸ் ஓட்டினா இதான் வம்பு. சரி, சாரை வரச் சொல்லுங்க, நான் அவர்கிட்ட பேசிக்கிறேன். வண்டியை நம்ம ஷாப்புக்கு இழுத்துட்டுப் போயிடறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபமா, குற்ற உணர்ச்சியா, எது என்று தெரியவில்லை. அப்போது பக்கத்து டீக்கடைக்காரர் குனிந்து காருக்கு அடியில் பார்த்துவிட்டு, "அக்கா, ஆயில் வடிக்கிற போல்ட்டே இல்லையே!" என்றார்.

விஷயம் இதுதான். என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் ஒரு தொட்டி உண்டு. பழைய ஆயிலை வடிப்பதற்கு அதில் ஒரு போல்ட். வடித்துவிட்டு அந்த போல்ட்டை இறுக்க மறந்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்கச் சொட்டியது. கார் ஓடின குலுக்கலில் போல்ட் கழன்று விழ, மிச்ச ஆயிலும் கொட்டிவிட்டது. ஆயில் இல்லாத என்ஜினில் இரும்போடு இரும்பு உரசிச் சூடேறி இறுகிப்போகும். எண்ணெய் விடாத இரும்புச் சட்டியில் தோசை ஒட்டிக்கொள்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த நேரத்தில் எப்படியோ எனக்குப் புத்தி வேலை செய்தது. போல்ட் இல்லாத ஓட்டையைப் போனில் படம் எடுத்தேன். கிலோமீட்டர் மீட்டரையும் எடுத்தேன். "அண்ணே, வண்டி உங்க ஷாப்புக்கு வேண்டாம். வேற ஒருத்தர் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நான் மாறவில்லை.

இன்னொரு மெக்கானிக் பார்த்து, என்ன பழுது, எதனால் வந்தது, செலவு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 26,000 ரூபாய். இன்ஷூரன்ஸில் கேட்கலாமே என்றார் என் கணவர். விசாரித்தால், மோதல், திருட்டு போன்றவற்றுக்குத்தான் சாதாரண பாலிஸி. இப்படி என்ஜின் பழுதானால் கிடைக்காது என்றார்கள்.

"பழகின மனுஷன், சண்டை வேண்டாம், விட்டுடு" என்றார் இவர். மாமியார் படுத்தபடியே, "அண்டாவை இரவல் வாங்கிட்டுப் போய் நசுக்கிக் கொடுத்தா நாம சும்மா வாங்கி வச்சுக்குவோமா?" என்றார். படிக்காதவர் சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151வது பிரிவு, பிறர் பொருளை ஒப்புக்கொண்டு வாங்கி வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவுக்காவது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 'எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போர்டு மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டில்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து விட்ட கார் 1998ல் திருடு போனது. 'உங்கள் பொறுப்பில்தான்' என்று சீட்டில் அச்சடித்திருந்தும், கவனக்குறைவுக்கு ஓட்டல் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2019ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம். அது கோர்ட் அல்ல. புகாரைப் பதிந்துகொண்டு, சமரசத்துக்கு முயற்சி செய்து, வழி சொல்கிற இடம். பிறகு வொர்க்‌ஷாப்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். திட்டு இல்லை, சாபம் இல்லை. காரை விட்ட தேதி, எடுத்த தேதி, கிலோமீட்டர், நடந்தது, கேட்கும் தொகை, பதினைந்து நாள் அவகாசம், அவ்வளவுதான். பில், இரண்டாவது மெக்கானிக்கின் சீட்டு, போட்டோக்கள் எல்லாவற்றின் நகலையும் வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். கோலம் போட்டோவையும் வைத்தேன். எடுத்த தேதியும் காலை 5.52 என்ற நேரமும் அதில் இருந்தன. கார் நகர்வதற்கு முன்பே ஆயில் சொட்டியதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு ஏது?

பத்தாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார். நானும் இவரும் போனோம். இந்தத் தடவை என்னிடமே பேசினார்.

"தப்பு நடந்துபோச்சும்மா. இதோ, இந்தப் பையன்தான் போல்ட்டை இறுக்காம விட்டிருக்கான். மாசாமாசம் இவன் சம்பளத்துல பிடிச்சு உங்களுக்குக் கொடுத்துடறேன்."

மூலையில் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தான் பையன். என் மகள் வயதுதான் இருக்கும். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அண்ணே, நான் வண்டியை அந்தத் தம்பிகிட்ட விடலை, உங்ககிட்ட விட்டேன். பில்லுல உங்க கடைப் பேருதான் இருக்கு. அந்தப் பையன் சம்பளத்துல எனக்கு ஒரு பைசா வேண்டாம். கடைதான் கொடுக்கணும்" என்றேன். வேலைக்கு வைத்தவர்தான் வேலையாளின் தவறுக்குப் பொறுப்பு என்பதுதான் நியாயமும், சட்டமும்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. "லைட் எரிஞ்ச பிறகும் ஓட்டினது என் தப்பு. முழுசையும் உங்க தலையில கட்ட மாட்டேன்" என்றேன். 20,000 ரூபாய் அவர், 6,000 நாங்கள் என்று முடிந்தது. இரண்டு தவணை. தேதி போட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு தவணையும் வந்து சேர்ந்தது.

அவர் மசியாமல் இருந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை, நாமே பேசலாம்.

நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்:

1. சாவியைக் கொடுக்கும் முன் காரை நாலு பக்கமும் சுற்றிப் போட்டோ எடுங்கள். கிலோமீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் எடுங்கள். உள்ளே இருக்கும் பொருட்களை எடுத்துவிடுங்கள்.

2. என்ன வேலை, உத்தேசச் செலவு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். பெரிய இடங்களில் 'ஜாப் கார்டு' தருவார்கள். சின்னக் கடையில் ஒரு துண்டுச் சீட்டு போதும், கையெழுத்து இருக்கட்டும். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

3. திரும்ப வாங்கும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கீறலோ நசுங்கலோ இருந்தால் அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

4. வேலைக்கான கூலி பாக்கி என்றால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கும் உரிமை உண்டு. அதனால் வாக்குவாதம் வந்தால், 'ஆட்சேபத்துடன் கொடுக்கிறேன்' என்று பில்லிலேயே எழுதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வாருங்கள். சண்டையைப் பிறகு போடலாம்.

5. பழுது தெரிந்தால், அதே கடை கைவைக்கும் முன் வேறொருவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். பிரித்துவிட்டால் சாட்சி போயிற்று.

6. எண்ணெய்க் குவளைச் சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரமாக நிறுத்தக்கூடிய முதல் இடத்திலேயே நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். 'கிட்டே வந்துவிட்டோமே' என்று நினைக்காதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து கடைத்தெருவில் அந்தப் பையனைப் பார்த்தேன். அவனே கிட்டே வந்தான்.

"அக்கா, இப்பல்லாம் போல்ட்டை இறுக்கினதும் அது மேல ஒரு கோடு போட்டுடறேன். கோடு இல்லாம வண்டியை வெளியில விடறதில்லை."

"சம்பளத்துல பிடிச்சாராப்பா?"

"இல்லக்கா" என்று சிரித்தான்.

அது போதும். மாமியார் இன்றைக்கும் அதே பாட்டி காரில்தான் வாரம் இரண்டு முறை பாலத்தைத் தாண்டுகிறார். கிளம்பும் முன் நான் குனிந்து காருக்கு அடியில் ஒரு பார்வை பார்ப்பேன். "என்னடி தேடறே?" என்பார். "ஒண்ணுமில்லத்தே, கோலம் சரியா இருக்கான்னு பார்க்கிறேன்" என்பேன்.

அடுத்த இதழில், டயாலிஸிஸ் செய்துகொள்பவர்களுக்கு வீட்டுச் சமையலில் கவனிக்க வேண்டியவற்றைப் பற்றி எழுதுகிறேன். வரட்டுமா?