தாழ்ப்பாள் யார் கையில்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

வீடு என்று இருந்தால் கதவு வேண்டும். கதவு என்று இருந்தால் தாழ்ப்பாள் வேண்டும். அந்தத் தாழ்ப்பாள் வீட்டுக்காரன் கைக்கு எட்டும்படி உள்பக்கம் இருக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால், உலகத்தையே உள்ளங்கைக்குக் கொண்டுவந்த 'பிரவுசர்' என்னும் கதவுக்குத் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது, அதைப் போடுவது யார், எடுப்பது யார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? நூல்கள் அதனை 'உலாவி' என்று அழகாகச் சொல்லும். நாம் உலாவுவதற்காக வந்த கருவி, நம் வாழ்வுக்குள் பிறர் உலாவவும் வழிவிட்டால் என்னாவது?

முதலில் 'அப்டேட்' என்னும் ஓயாத அழைப்பைப் பார்ப்போம். ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த குரோமின் புதிய பதிப்பு, 2021 இல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வரலாயிற்று. இது வீண் வேலை என்று நான் சொல்லமாட்டேன். இலட்சக்கணக்கான வரிகளால் ஆன நிரலில் ஓட்டைகள் இருந்தே தீரும். ஓர் ஓட்டை அடைக்கப்பட்டது என்ற செய்தி வெளியானதும், இன்னும் அடைக்காத வீடு எது என்று திருடன் தேடத் தொடங்குகிறான். ஆகவே அப்டேட் செய்யாதிருப்பது ஆபத்து என்பதில் ஐயமில்லை. ஆனால், ஓட்டையை அடைக்க வந்த கொத்தனார், கேளாமலே அடுப்பங்கரையை வாசலுக்கு மாற்றிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? நேற்று மேலே இருந்த பொத்தான் இன்று கீழே இருக்கிறது. பழகிய பட்டியலைக் காணோம். எதற்காக இந்த மாற்றம் என்று நம்மிடம் சொல்வாரும் இல்லை.

வசதியற்றவன் பாடு இதைவிடத் திண்டாட்டம். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஒரு செல்போன். 'இடம் போதவில்லை' என்று அது முறையிடாத நாளில்லை. தங்கையின் பள்ளிப் படங்களை அழித்தால்தான் அப்டேட் ஏறும். கணினியின் கதையும் அதுவே. 2023 பிப்ரவரியில் வந்த 110 ஆம் பதிப்பு முதல், விண்டோஸ் 7 கணினிகளில் குரோம் ஏறுவதில்லை. எங்கள் பக்கத்துப் பிரவுசிங் சென்டர் ஒன்றில் அத்தகைய கணினிதான் ஓடுகிறது. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில், 'உங்கள் பிரவுசர் பழையது' என்று அதன் திரை சொன்னபோது, வரிசையில் நின்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புதுக் கருவி வாங்க முடிந்தவனுக்கு மட்டும் விற்கப்படும் பண்டமா பாதுகாப்பு?

அடுத்தது அந்தரங்கம். 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுல்லி உருவாக்கியது 'குக்கி'. ஒரு தளம், வந்தவர் இன்னார் என்று நினைவில் வைத்துக்கொள்ள உதவும் சிறு குறிப்புச் சீட்டு அது. அதில் தீங்கில்லை. ஆனால், நாம் நாடிச் செல்லாத விளம்பர நிறுவனங்களும் தளத்துக்குத் தளம் தங்கள் சீட்டை நம் முதுகில் ஒட்டலாயின. செருப்புக் கடைக்குப் போனவர்தான் மருந்துக் கடைக்கும் போகிறார் என்று அவை கண்டுகொள்கின்றன. சஃபாரி 2020 மார்ச்சில் இந்த வெளியார் சீட்டுகளை முற்றிலும் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2022 இல், ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிப் பெட்டியில் அடைக்கும் முறையைக் கேளாமலே தந்தது. கூகுளோ, இரண்டே ஆண்டுகளில் ஒழிப்போம் என்று 2020 இல் அறிவித்து, மீண்டும் மீண்டும் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனமே வேலியும் போட வேண்டும் என்றால், பயிரின் கதி என்ன?

தொப்பியும் கண்ணாடியும் அணிந்த 'இன்காக்னிடோ' இருக்கக் கவலை ஏன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதே போனை அடுத்து எடுப்பவருக்கு நம் ஹிஸ்டரி தெரியாது, அவ்வளவே. நாம் போன தளத்துக்கும் இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும் அது திரை போடுவதில்லை. இதுபற்றி 2020 இல் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024 இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

எங்கள் தெருவில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதனால் அக்கம்பக்கத்துப் போன்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். முதியோர் உதவித்தொகை விவரம் பார்க்க வந்த பாட்டி ஒருவர், ஆங்கிலத்தில் ஏதோ கேட்டு நின்ற திரையைக் காட்டி, "ஒத்துக்கிட்டாத்தான உள்ள விடுவான், தம்பி?" என்றார். வேறு வழி காட்டாமல் வாங்குவதற்குப் பெயர் சம்மதமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023 இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்பவர் எளிய மொழியில் கேட்க வேண்டும் என்கிறது. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள எம்மொழியிலும் அதைப் படித்துப் பார்க்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த அட்டவணையில் தமிழ் உண்டு! அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் ஏட்டில் உறங்காமல் பாட்டியின் திரைக்கு வர வேண்டும்.

நாம் கேட்பது மூன்று. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டையும் ஒப்பனை மாற்றும் அப்டேட்டையும் பிரித்துத் தர வேண்டும். ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, இது முடியாத காரியமல்ல என்று காட்டிவிட்டது. இரண்டாவது, தாழ்ப்பாள் போட்டபடியே கதவு நம் கைக்கு வர வேண்டும்; திறக்க விரும்புபவர் திறந்துகொள்ளட்டும். மூன்றாவது, 'வேண்டாம்' என்ற பொத்தானும் 'சரி' என்ற பொத்தானைப் போலவே பெரிதாக, தமிழில் இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே! இவற்றையெல்லாம் நிறுவனங்கள் தாமாகத் தந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். படித்த நாம், இன்றே நம் வீட்டுப் போனின் 'செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறப்போம். வெளியார் குக்கியைத் தடுப்போம். அதை எப்படிச் செய்வது என்று அம்மாவுக்கும் அடுத்த வீட்டாருக்கும் காட்டுவோம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நாம், கற்றதை வீட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால், பிறகு யார் கொண்டுபோவார்?