ஸ்கூல் வேனுக்கு சப் ஊஃபர் எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. வேன் ஓட்டுகிற தம்பிமார், பிள்ளைகளை வேனில் அனுப்புகிற பெற்றோர், புதிதாக செட் போட யோசிக்கிறவர்கள், இந்த மூன்று பேரும் கடைசி வரை வாசித்தால் எனக்குப் போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாகனத்துக்கு நல்ல செட் போடுவதை வீண் செலவு என்று சொல்லும் ஆள் நான் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. திறந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே இருக்கிற பழைய வாகனத்தையே வைத்துக்கொண்டு, அதில் மாற்றக்கூடியதை மாற்றுகிறோம். சீட் கவர் மாற்றுகிறோம், ரிவர்ஸ் கெமரா பூட்டுகிறோம், செட் மாற்றுகிறோம். இதில் பிழை ஒன்றுமில்லை.

ஜப்பானிலிருந்து வந்த வாகனம் என்றால் செட் மாற்றுவதற்கு நியாயமான காரணமே உண்டு. ஜப்பான் ரேடியோவின் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். கொஞ்சம் புதியவை 95 வரை போகும். நம் நாட்டு எஃப்எம் 88 முதல் 108 வரை. அதனால்தான் இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காரில் ஓரிரண்டு அலைவரிசை மட்டும் கேட்கிறது. நோன்பு துறக்கும் நேரத்தில் முஸ்லிம் சேவையைத் தேடினால் இரைச்சல்தான் வருகிறது. தலைப்பிறை அறிவிப்புக்கு ஃபோனைத் தூக்க வேண்டியிருக்கிறது. இதற்கு பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டி ஒன்றை ஏரியல் வயரில் பூட்டுவார்கள். அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். 12 இறக்குகிற பெட்டி என்றால் 98இல் உள்ள ஸ்டேஷன் திரையில் 86 என்று காட்டும். ஆனால் 90உம் 12உம் 102தானே? 102க்கு மேலுள்ள ஸ்டேஷன்கள் அப்போதும் வராது. ஜப்பான் எழுத்து மெனுவும் அப்படியே இருக்கும். பெட்டரியைக் கழற்றிப் பூட்டினால் சில செட்கள் மெப் கார்ட் கேட்டு அடம்பிடிக்கும். செட்டையே மாற்றுவது நல்லது என்பதுதான் என் அபிப்பிராயமும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடைகளில் 'டிஜிட்டல் ரேடியோ' என்று சொல்லி விற்பது, நம்பர் திரையில் தெரிகிற, பட்டனை அமர்த்தி ஸ்டேஷன் பிடிக்கிற சாதாரண எஃப்எம்தான். உண்மையான டிஜிட்டல் வானொலி வேறு. டிஏபி என்று சொல்வார்கள். நோர்வே 2017இல் தேசிய சேவைகளின் எஃப்எம்மையே நிறுத்திவிட்டு அதற்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 கடைசியிலிருந்து புதிய காரில் ரேடியோ இருந்தால் அது டிஜிட்டல் ஒலிபரப்பையும் பிடிக்க வேண்டும். நம் நாட்டில் அந்தச் சேவை இல்லை. லண்டன் மச்சான் டிஏபி செட் ஒன்று அனுப்பினால் சந்தோசமாகப் பூட்டுங்கள், அதன் எஃப்எம் இங்கே வேலை செய்யும். ஆனால் டிஏபிக்காக இங்கே ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது வாட்ஸ் கணக்கு. பெட்டியில் '50 வாட்ஸ் நாலு' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது ஒரு கணம் தொட்டுப் பார்க்கிற உச்சம். 12 வோல்ட் பெட்டரியில் ஓடும் சாதாரண செட் ஒன்று தொடர்ந்து கொடுப்பது, ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட்ஸ்தான். அதோடு, வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்ஸைப் பார்க்க முன்பு சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் போட்டிருப்பதைப் பாருங்கள். 87 உள்ளதை விட்டு 90 உள்ளதை எடுத்தால், எம்பிளிபையரை இரண்டு மடங்காக்கிய பலன் சும்மா கிடைக்கிறது. நம் கரையோரத்து உப்புக்காற்றுக்குக் காகிதக் கோன் சரிவராது, பிளாஸ்டிக் கோன் எடுங்கள். எம்பிளிபையர் போட்டே ஆகவேண்டும் என்றால் பெட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வையுங்கள். அந்த வயர் எங்காவது உராய்ந்து தோல் உரிந்து பொடியில் பட்டால் நெருப்புத்தான்.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம், சத்தம் கூடினால் தரம் கூடியது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய டீசல் வேனில் என்ஜின் சீட்டுக்குக் கீழே கத்துகிறது. கதவு ரப்பர் செத்துப்போயிருக்கிறது, ஜன்னல் தடதடக்கிறது. இந்த இரைச்சலுக்கு மேலால் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காக வொலியூமை ஏற்றுகிறோம். ஏற்றினாலும் தெளிவில்லை, அதனால் ஊஃபர் போடுகிறோம். ஊஃபர் போட்டால் கதவுத் தகடும் சேர்ந்து அதிருகிறது. புதிய கதவு ரப்பர், கதவுக்குள் ஒட்டுகிற தார் ஷீட், முன்கதவில் ஒரு சோடி நல்ல ஸ்பீக்கர், இவை போதும். ஊஃபருக்கும் எம்பிளிபையருக்கும் போகிற காசில் பாதி கூட ஆகாது. குறைந்த வொலியூமிலேயே சொல் சொல்லாகக் கேட்கும். சொந்தக் காரில் நீங்கள் என்ன செய்தாலும் அது உங்கள் காது, உங்கள் காசு. ஸ்கூல் வேன் அப்படி இல்லை.

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் ரோட்டில் நின்று பாருங்கள். வேன் கண்ணுக்குத் தெரிய முன்பே 'டும் டும்' வந்துவிடும். பள்ளிவாசலுக்கு முன்னாலும் அதே சத்தம், காரைதீவில் கோயிலுக்கு முன்னாலும் அதே சத்தம், ஆஸ்பத்திரிக்கு முன்னாலும் அதே சத்தம். உள்ளே தரம் 1, தரம் 2 பிள்ளைகள். பின் வரிசையில் ஸ்பீக்கர் தலைக்கு மேலே, அல்லது காதுக்குப் பக்கத்தில். ஓட்டுகிறவர் முன்னால் இருக்கிறார், பின்னால் என்ன சத்தம் என்று அவருக்குத் தெரிவதே இல்லை.

ஒரு வேன்காரத் தம்பியோடு இதைப் பேசினேன். நல்ல பிள்ளை, பொறுப்பானவர். அவர் சொன்னது: "நான் என்ன செய்ற சேர், புள்ளைகள்தான் கூட்டுங்க கூட்டுங்க எண்டு சொல்ற. செட் இல்லாட்டி அடுத்த வேனுக்குப் போயிருவாங்க." அவர் அனுமதியோடு பின் சீட்டில் உட்கார்ந்து ஃபோன் ஆப்பில் அளந்து பார்த்தேன். வழக்கமான வொலியூமில் 88க்கும் 91க்கும் இடையில் ஆடியது. ஃபோன் ஆப் துல்லியமான கருவி இல்லை, இரண்டு மூன்று டெசிபல் அங்கே இங்கே இருக்கலாம். ஊஃபரின் அடிச்சத்தத்தை இந்த ஆப்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து, ஃபோனில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்பதற்கு ஒரு பாதுகாப்பு அளவு வகுத்திருக்கின்றன. வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் 40 மணித்தியாலம். 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 78 என்றால் 20 மணித்தியாலம், 81 என்றால் 10, 84 என்றால் 5, 87 என்றால் இரண்டரை, 90 என்றால் ஒன்றேகால் மணித்தியாலம். இது வேனுக்கென்று எழுதிய அளவு இல்லைதான். ஆனால் ஹெட்ஃபோனுக்கு ஒரு காது, வேனுக்கு ஒரு காது என்று யாருக்கும் இல்லையே. காலையில் 40 நிமிடம், பாடசாலை விட்டு வரும்போது 40 நிமிடம், ஒரு நாளைக்கு 80 நிமிடம். 90 டெசிபலில் ஒரு பிள்ளைக்குக் கிழமை முழுவதற்கும் உரிய பங்கு 75 நிமிடம். திங்கட்கிழமை வீடு வந்து சேரும்போதே அது முடிந்துவிடுகிறது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி மிச்சம். வீட்டில் வாப்பாவின் ஃபோன், கலியாண வீட்டு பொக்ஸ் இவற்றை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் உயர்ந்த சுருதிகளில், 4000 ஹேர்ட்ஸ் அளவில் தொடங்கும். பிள்ளை செவிடாகிவிடாது. கூப்பிட்டால் திரும்பும், பேசினால் பதில் சொல்லும். ச, ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய சத்தங்கள்தான் மங்கும். சொல்வதெழுதலில் ஒரு எழுத்து மாறும். நாம் கவனக்குறைவு என்று பிள்ளையை ஏசுவோம். உள்காதில் செத்த நுண்மயிர்க் கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. நான் படிப்பிக்கிற வகுப்பில் யாருக்கும் இப்படி ஆகிவிட்டது என்று சொல்ல வரவில்லை, அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். முதல் பாடவேளையில் சில பிள்ளைகள் கத்திக் கதைப்பதையும், "என்ன சேர்?" என்று இரண்டு தரம் கேட்பதையும் மட்டும் நான் காண்கிறேன். இடைவேளைக்குப் பிறகு சரியாகிவிடுகிறது. தற்காலிகமாக மந்தமான காது இப்படித்தான் நடந்துகொள்ளும். தினமும் அப்படி மந்தமானால் நாளைக்கும் அது திரும்பி வரும் என்று யார் உத்தரவாதம் தருவது?

பின்னால் கதவு சரியாகப் பூட்டவில்லை என்று ஒரு பிள்ளை கத்தினால் ஓட்டுகிறவருக்குக் கேட்க வேண்டும். இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கொமெண்டில் வரப்போகிற ஒன்றுக்கு இப்போதே பதில் சொல்கிறேன். "பாட்டை நிப்பாட்டிட்டு பயான் போடச் சொல்லுங்க சேர்" என்பார்கள். பாட்டா, பயானா, கிராஅத்தா என்பது இந்தப் பதிவின் விடயம் இல்லை. அதை உலமாக்களிடம் கேளுங்கள். 90 டெசிபலில் பயான் ஓடினாலும் காதுக்குள் இருக்கிற கலத்துக்கு வித்தியாசம் தெரியாது. லுக்மான் (அலை) அவர்கள் தன் மகனுக்குச் செய்த உபதேசத்தில் குரலைப் பற்றிய பகுதி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் நல்ல பேச்சுக்கு விதிவிலக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

சத்த விடயத்தில் நம் சமூகத்துக்கு ஒரு பழைய அனுபவமும் இருக்கிறது. வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2007இல் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அப்போது நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் விரும்பாத ஒருவரைக் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்க முடியாது என்ற அதன் அடிப்படையை யாராலும் மறுக்க முடியவில்லை. வீட்டில் இருப்பவனாவது ஜன்னலைச் சாத்தலாம். ஓடுகிற வேனின் கடைசி சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற ஏழு வயதுப் பிள்ளை எங்கே போகும்?

2025 தொடக்கத்தில் பொலிஸார் பஸ், ஆட்டோக்களில் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொன்னபோது ஓட்டுநர்கள் கொதித்தார்கள். எனக்கும் அந்த முறை பிடிக்கவில்லை. கடன் பட்டுப் போட்ட சாமானை நடுரோட்டில் கழற்றச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதனால்தான் பொலிஸிடம் போவதற்கு முன்பு நமக்குள் பேசுவோம் என்கிறேன்.

பேச வேண்டியது வேன்காரரோடு மட்டும் இல்லை. அந்தத் தம்பி சொன்னது உண்மை. செட் இருக்கிற வேனுக்குப் பிள்ளை ஆசைப்படுகிறது, நாமும் "சரி, அழாமல் போனால் போதும்" என்று அதையே பேசிவிடுகிறோம். சீட் எத்தனை, டயர் எப்படி, ஓட்டுகிறவருக்கு உதவியாள் உண்டா என்று கேட்பவர்கள் மிகச் சிலர். நாம் மாதக் காசு கொடுக்கும் விதம்தான் அவரை ஊஃபர் வாங்க வைக்கிறது. ஒரு வேனில் பிள்ளை அனுப்புகிற பத்துப் பன்னிரண்டு வீடும் சேர்ந்து "பின்னால் ஸ்பீக்கர் வேண்டாம், முன்னால் மெதுவாகப் போடுங்கள், நாங்கள் வேன் மாற மாட்டோம்" என்று ஒரு வொட்ஸ்அப் மெசேஜ் போட்டால் அவருக்கும் நிம்மதி. இதைக் கேட்கும் முதல் ஆளாக வாப்பாமாரைவிட உம்மாமார் இருந்தால் வேலை நடக்கும், அது என் அனுபவம்.

ஊஃபர் ஏற்கெனவே போட்டுவிட்ட தம்பிமார் அதை எறிய வேண்டாம். பாடசாலை ஓட்டத்தின்போது அதன் ரிமோட் வயருக்கு ஒரு சின்ன சுவிட்ச் வைத்து ஓஃப் பண்ணுங்கள், ஹயருக்குப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். பேலன்ஸ் மெனுவில் ஃபேடரை முழுக்க முன்னுக்குத் தள்ளினால் பின் ஸ்பீக்கர் அமைதியாகிவிடும், காசு செலவே இல்லை. பல அண்ட்ரொயிட் செட்களில் வொலியூம் எந்த அளவில் தொடங்க வேண்டும், எவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்று பூட்டி வைக்கிற இடமும் செட்டிங்கில் இருக்கிறது. அது எங்கே என்று தெரியாதவர்கள் செட்டின் முன்பக்கத்தைப் படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். அஸருக்குப் பிறகு பார்த்துச் சொல்கிறேன்.