சாறும் சக்கையும்

சென்ற மாதம் மதுரையில் அக்கா வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தேன். முதல் நாள் காலையிலேயே அத்தான் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய், புதிதாகப் பிரதிஷ்டை செய்த விக்கிரகத்தைக் காட்டுவதுபோல் ஓர் இயந்திரத்தைக் காட்டினார்.

"பையன் வாங்கி அனுப்பியிருக்கிறான், மாப்பிள்ளை. ஜூஸர். 15,000 ரூபாய். மிக்ஸி மாதிரி சுழற்றி அடிக்காது, மெல்லப் பிழியும். சத்து ஒரு துளிகூட வீணாகாது" என்றார்.

ஐந்து சாத்துக்குடி உள்ளே போயின. ஒரு டம்ளர் சாறு வந்தது. அத்தான் அதை நான்கே மடக்கில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நிற்கிறீர்கள் என்று டாக்டர் அவரை எச்சரித்து ஆறு மாதம் ஆகிறது. அதற்கு மருந்தாகத்தான் இந்தச் சாறு! அக்காவோ குழாயடியில் நின்று, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இயந்திரத்தின் சல்லடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குப்பைக் கூடையில் ஒரு பெரிய உருண்டை சக்கை கிடந்தது.

அந்தச் சக்கையின் சார்பில்தான் இன்று நான் வாதாட வந்திருக்கிறேன்.

மிக்ஸி இருக்கிற வீட்டில் ஜூஸரும் வேண்டுமா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். ஒரு சாதனத்தை வாங்கும்போது அது நமக்கு எதைத் தருகிறது என்றே பார்க்கிறோம். எதை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பதில்லை. மிக்ஸி பழத்தை அரைக்கிறது. உள்ளே போட்டது எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஜூஸர் பழத்தைப் பிரிக்கிறது. இனிப்பு நீர் ஒரு பக்கம் வருகிறது, நார் இன்னொரு பக்கம் போகிறது. அந்த நாரைத்தான் நாம் காசு கொடுத்து வாங்கிக் குப்பையில் கொட்டுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் நார்ச்சத்து சுமார் 2.4 கிராம். அதே அளவு சாற்றில் ஏறக்குறைய 0.2 கிராம். சர்க்கரையோ இரண்டிலும் அதிக வித்தியாசம் இல்லாமல் 8, 9 கிராம் இருக்கிறது. காவற்காரனைத் துரத்திவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்ட கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறையில், முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையைக் குற்றம் சொல்லவில்லை. பழச்சாற்றில் உள்ள சர்க்கரையை, நாம் காப்பியில் கரண்டியால் போட்டுக்கொள்ளும் சர்க்கரையோடு ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டது. நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இப்படிப்பட்ட சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் உத்தமம் என்பது அதன் கணக்கு. அத்தானின் ஒரு டம்ளர் சாறே சுமார் 20 கிராம்! காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டதாக அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். வாசலில் தடுத்தவனைக் கொல்லைப்புறமாக அழைத்து விருந்து வைக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

நான் டாக்டர் இல்லை. ஆனால் படித்ததைச் சொல்லலாம். 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அமெரிக்காவில் 1,87,382 பேரைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்து எழுதியது. முழுப் பழம் சாப்பிட்டவர்களுக்கு, அதிலும் திராட்சை, ஆப்பிள் போன்றவற்றைச் சாப்பிட்டவர்களுக்கு, நீரிழிவு குறைவாக வந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்கு அதிகமாக வந்தது. பழம் ஒன்றேதான், அதை நாம் நடத்திய விதத்தில்தான் வித்தியாசம்.

ஜூஸர் விற்பவர்களிடம் ஒரு வாதம் இருக்கிறது. மிக்ஸியின் கத்தி நிமிஷத்துக்கு 18,000, 20,000 தடவை சுழல்கிறதாம். அந்தச் சூட்டில் பழத்தின் என்ஸைம்கள் செத்துவிடுகின்றனவாம். மெல்லப் பிழிந்தால் அவை உயிரோடு இருக்குமாம். இருக்கட்டும். என்ஸைம் என்பது ஒரு புரதம். நம் இரைப்பையில் காத்திருக்கும் அமிலமும் ஜீரண நீரும் பருப்பை எப்படிச் சிதைக்கின்றனவோ அப்படியே அதையும் சிதைக்கின்றன. இரைப்பையில் எப்படியும் சாகப்போகிறதை டம்ளர்வரை காப்பாற்றவா 15,000 ரூபாய்? அரை நிமிஷ ஓட்டத்தில் பழம் வெந்துவிடுவதும் இல்லை. சந்தேகமாக இருந்தால் ஜாடிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகு!

இந்த மோகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை நடந்தது. ஜூஸெரோ என்ற கம்பெனி, நறுக்கிய காய்கனிகளைப் பையில் அடைத்து விற்று, அந்தப் பையைப் பிழிவதற்கென்றே ஓர் இயந்திரத்தை 2016-இல் 699 டாலருக்கு விற்றது. 2017 ஏப்ரலில் பத்திரிகை நிருபர்கள் அந்தப் பையை வெறும் கையால் பிழிந்து பார்த்தார்கள். ஏறக்குறைய அதே சாறு, ஏறக்குறைய அதே நேரத்தில் வந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் கம்பெனி விற்பனையை நிறுத்திவிட்டது. நாம் சிரிக்கிறோம். ஆனால் நமக்கும் இரண்டு கையும் ஒரு வாயும் இருக்கின்றன என்பதை மறந்துவிட்டுத்தானே நாமும் கடைக்குப் போகிறோம்?

மிக்ஸி நம் வீட்டுக்கு வந்த வரலாறு வேறு. 1960-களில் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், மேல்நாட்டு இயந்திரம் நம் அரைவைக்குத் தாங்காததைக் கண்டு, அதற்கேற்ற மோட்டாரோடு 'சுமீத்'தை உண்டாக்கினார். அம்மியின் முன் குனிந்திருந்த பெண்களின் முதுகை அது நிமிர்த்தியது. ஜூஸர் யாருடைய முதுகை நிமிர்த்துகிறது? அத்தான் சாறு குடித்தது அரை நிமிஷம். அக்கா கழுவியது கால் மணி. உருளை, திருகு, சல்லடை, இரண்டு கிண்ணம் என்று ஐந்து உருப்படிகள். உடனே கழுவாவிட்டால் நார் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மிக்ஸி ஜாடியில் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று விட்டால் முக்கால் வேலை முடிந்தது. வேலையைக் குறைக்கும் சாதனம் என்றால், யாருடைய வேலையை என்று கேட்க வேண்டாமா?

மிக்ஸிக்கு நான் கோயில் கட்டவும் இல்லை. 1977-இல் இங்கிலாந்தில் பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், கூழாகவும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். சாறு, முழுப் பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகமாக உள்ளே போயிற்று. பசியை ஆற்றுவதிலும் அதுவே கடைசி. கூழ் நடுவில் நின்றது. கடித்துத் தின்ற பழமே ஜெயித்தது. பிரிட்டனில் அரைத்த பழத்தையும் சாற்றோடு சேர்த்தே கணக்கிட்டு, இரண்டும் சேர்ந்து நாளைக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஆகவே முதலிடம் பல்லுக்கு. பல் இல்லாதவருக்கும் அவசரக்காரருக்கும் மிக்ஸி. ஜூஸர் கடைசி. நார் கூடாது என்று டாக்டரே சொன்ன நோயாளிக்கு அது உதவட்டும். அந்த நாலு நாளுக்குத் துணியால் பிழிந்தாலும் போதும்.

மிக்ஸியோடு வரும் ஜூஸ் ஜாடிக்குள் துளை போட்ட ஒரு வடிகட்டி இருக்கும். அதைக் கழற்றிப் பரணில் போடுங்கள். அது மிக்ஸிக்குள் ஒளிந்திருக்கும் ஜூஸர். பப்பாளி, சப்போட்டா, மாம்பழம் எல்லாம் வடிகட்டாமலே அடிக்கலாம். சாத்துக்குடியை மட்டும் விதை நீக்காமல் அடிக்காதீர்கள், கசக்கும். சர்க்கரை சேர்க்காதீர்கள்.

இரண்டாம் நாள் காலையில் அத்தானிடம், "இன்றைக்கு நான் தருகிறேன்" என்று சொல்லி, அதே ஐந்து சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்தேன். பேப்பர் படித்துக்கொண்டே தின்றார். மூன்றாவது பழத்தில் இரண்டு சுளை தின்றதும் தட்டைத் தள்ளினார்.

"போதும் மாப்பிள்ளை. வயிறு நிறைந்துவிட்டது."

"நேற்று ஐந்து பழம் நிறையவில்லையே, அத்தான்?"

அவர் பதில் சொல்லவில்லை. அக்காதான் உள்ளேயிருந்து கேட்டாள்: "அப்படியானால் இந்த மெஷினை என்னடா செய்வது?"

"பெட்டியில் போட்டு மூடி வை, அக்கா. யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது பரிசாகக் கொடுத்துவிடாதே. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?"