சடைக்கற்றைக் கூந்தல்: மார்க்கம் எளிதாக்கியதை நாம் கடினமாக்கலாமா?

தாம்பரத்தைச் சுற்றியுள்ள வண்டலூர், சேலையூர், கட்டாங்கொளத்தூர் கல்வி நிலையங்களில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த மாணவியர் பயில்கின்றனர். அவர்களுள் நம் மார்க்கச் சகோதரியரும் உளர். சிலருடைய கூந்தல் 'லாக்ஸ்' எனப்படும் சடைக்கற்றைகளாக அமைந்திருக்கும். பெண்கள் தொழும் இடத்தில் முக்காட்டைச் சரிசெய்யும் நேரத்தில் அக்கற்றைகள் வெளிப்பட்டால், நம்மவர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. 'இந்தத் தலையோடு குளிப்பு நிறைவேறுமா?' என்பது ஒன்று. 'இது அழுக்கல்லவா?' என்பது மற்றொன்று. முதலாவது விடை தேட வேண்டிய கேள்வி. இரண்டாவதோ, கேள்வியின் உருவில் வரும் இழிவுரை.

முதற்கேள்விக்குரிய விடை, முதல் தலைமுறையிலேயே கிடைத்துவிட்டது. தலைமுடியை இறுகப் பின்னிக்கொள்ளும் பழக்கமுடைய அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள், கடமையான குளிப்புக்காக அதை அவிழ்க்க வேண்டுமா என நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அவிழ்க்க வேண்டியதில்லை, தலையில் மூன்று முறை கையால் நீர் அள்ளி ஊற்றியபின் உடல் முழுவதும் நீர் ஊற்றிக்கொண்டால் போதும் என்பதே விடையாக வந்தது. குளிக்கும்போது பெண்கள் பின்னலை அவிழ்த்தே ஆக வேண்டும் என்று ஒரு நபித்தோழர் கூறிவருவதைக் கேள்வியுற்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தலையை மழித்துவிடுமாறே அவர் கட்டளையிடலாமே என்று வியந்து கண்டித்தார்கள். இவ்விரு செய்திகளும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளன.

ஹனஃபி மத்ஹபில், பெண்ணின் பின்னலைப் பொறுத்தவரை முடியின் வேர்களுக்கு நீர் சென்றால் போதுமானது. ஷாஃபிஈ மத்ஹபில் பின்னலின் உட்புறத்துக்கும் நீர் சேர வேண்டும். அவிழ்க்காமலே சேருமாயின் அவிழ்க்கத் தேவையில்லை. அவிழ்க்கவே இயலாத சடைக்கற்றை உடையவர்கள் தத்தம் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. பக்கத்தில் நின்று தொழுபவர் தீர்ப்பு வழங்குவது முறையன்று.

சடைக்கற்றை அழுக்கினால் உருவாவதன்று. நெருக்கமாகச் சுருண்ட முடி, ஒன்றோடொன்று பின்னிக் கற்றையாகத் திரள்கிறது. அதை ஷாம்பூ இட்டு அலசலாம், எண்ணெயும் தடவலாம். ஆனால் நம் புறநகரின் புழுக்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கற்றையின் உட்புறம் உலர நெடுநேரமாகும். ஈரத்தோடு முக்காடிட்டால் நாற்றமும் பூஞ்சையும் உண்டாகும். ஆகவே, மறுநாள் காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவர் முந்தின நாள் பகலிலேயே தலைகுளித்து, முழுவதும் உலரவிடுவது நல்லது.

அதை முடிவதற்கு அழகு நிலையம் தேவையில்லை. உலர்ந்த கற்றைகளைப் பிடரியில் ஒன்றுசேர்த்து, மூன்றாகப் பிரித்து, தளர்வாக மூன்று கால் பின்னலிட வேண்டும். பின்னலைச் சுருட்டிப் பிடரியிலேயே தாழ்வான கொண்டையாக்கி, நுனியை உள்ளே செருகிக் கொண்டை ஊசிகளால் நிறுத்தினால் போதும். நம் பாட்டிமார் கைப்பழக்கமாக முடிந்த கொண்டைதான் இது. தலை வலிக்குமாறு இழுத்துக் கட்டக் கூடாது. நாள்தோறும் இறுக்கினால் நெற்றியோரத்து முடி உதிரும். நெடுங்காலம் தொடர்ந்தால் வேரே பழுதாகி, மீண்டும் முளைக்காமலும் போகலாம். முக்காடு மறைப்பதால் இப்பாதிப்பு பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சடைக்கற்றை இல்லாத நம் மகள்மாருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

தாழ்வான கொண்டைக்கு வேறு நன்மைகளும் உண்டு. தலைக்கவசம் சரியாகப் பொருந்தும். ஒட்டகத்தின் திமிலைப் போன்ற தலைகளைக் குறித்து எச்சரிக்கும் நபிமொழியை நினைத்து அஞ்சும் உள்ளத்துக்கும் அமைதி கிடைக்கும். உளூவின்போது மஸ்ஹுச் செய்யும் ஈரக்கை கொண்டையின்மேல் பட்டால் போதாது. நெற்றிக்கு மேலுள்ள முடியில் பட வேண்டும். கற்றையைப் பெரிதாகக் காட்ட வேறு மனிதருடைய முடியை ஒட்டவைப்பதும் ஆகாது. நோயால் மகளின் முடி உதிர்ந்துவிட்டது என்று முறையிட்ட தாய்க்கும்கூட நபி (ஸல்) அவர்கள் அதற்கு அனுமதி அளிக்கவில்லை.

இனி அந்த இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திய அபூதர் (ரலி) அவர்களிடம், அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். பிறப்பால் வாய்த்த முடியை அழுக்கென்று சொல்லும் நாவுக்கும் அந்தக் கண்டனம் உரியதே. பிலால் (ரலி) அவர்களைப் போற்றிப் பேசிவிட்டு, அபிசீனியாவின் அண்டை நாட்டிலிருந்து வந்த பெண்ணை ஸஃபில் விலகி நின்று பார்ப்பது என்ன நியாயம்? நம் வீட்டிலேயே சுருட்டை முடியோடு பிறந்த சிறுமியைக் கேலி செய்து, முடியை நேராக்கும் இரசாயனத்தை நாடச் செய்வதும் இதே நோயின் வேறொரு கிளைதான்.

நபி (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது, உம்மு அதிய்யா (ரலி) அவர்களும் உடனிருந்த பெண்களும் ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கூந்தலை மூன்று பின்னல்களாகப் பின்னி முதுகுப்புறம் விட்டார்கள். இறந்தவரின் முடியையே அத்தனை கனிவோடு கையாண்ட மார்க்கம் நம்முடையது. உயிரோடு நம் தோளருகே நிற்கும் சகோதரியிடம் அதற்குக் குறைந்த கனிவைக் காட்டலாகாது. அடுத்த முறை அவரைக் காணும்போது முதலில் ஸலாம் கூறுவோம்.