வினாவா, தூண்டிலா?



நால்வர் கூடிப் பேசும் இடத்தில் ஒருவர் வினா ஒன்றை எழுப்புகிறார். அவர் விடையை நாடுகிறாரா, வம்பை நாடுகிறாரா? கைபேசியின் வழியே ஊரும் உறவும் ஒரே திண்ணையில் அமர்ந்துவிட்ட இந்நாளில், இதைப் பிரித்தறிவது நமக்கு அன்றாடக் கடமையாகிவிட்டது.

வம்புக்கென்றே பேச்சில் நுழைபவரை ஆங்கிலத்தில் 'டிரோல்' என்கிறார்கள். ஓடும் படகின் பின்னே இரை கோத்த தூண்டிலை இழுத்துச் சென்று மீன் பிடிக்கும் முறைக்கும் அம்மொழியில் இதே சொல்தான். பொருத்தமான சொல்லே. தூண்டில் இடுபவனுக்கு மீனோடு உரையாடும் எண்ணம் ஏது? அது வாயைத் திறந்தால் போதும்!

இத்தீங்கு புதியதன்று. 'எங்களைக் கவனியுங்கள்' என்னும் பொருளில் 'ராஇனா' என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கூறும் வழக்கம் மதீனாவில் இருந்தது. சிலர் அச்சொல்லையே நாவைக் கோணி உச்சரித்து, இழிபொருள் தொனிக்கச் செய்தனர். கேட்பவர் சினந்தால், 'நாங்கள் தவறாக என்ன சொன்னோம்?' என்று தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. அப்போது இறைவன் இறைநம்பிக்கையாளர்களுக்கு இட்ட கட்டளை யாது? அச்சொல்லை விட்டுவிட்டு 'உன்ளுர்னா' என்று கூறுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 104ஆம் வசனம் பணிக்கிறது. சண்டைக்குச் சண்டை விதிக்கப்படவில்லை. தூண்டிலில் இருந்த இரை அகற்றப்பட்டது, அவ்வளவே.

ஆனால், கடுமையாகப் பேசுவோர் அனைவரும் வம்பர்கள் அல்லர். கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்னும் அம்மையார், கணவர் தமக்கு இழைத்த அநீதியைக் குறித்து நாயகம் (ஸல்) அவர்களிடம் மீண்டும் மீண்டும் வாதாடினார். அவ்வம்மையாரின் வாதத்தை அல்லாஹ் செவியேற்றான். திருமறையின் 58ஆம் அத்தியாயம் வாதாடிய அப்பெண்ணைக் கொண்டே 'அல்முஜாதலா' எனப் பெயர் பெற்றது. மற்றொரு முறை, கடன் கொடுத்த ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து கடுஞ்சொற்களால் கேட்டார். தோழர்கள் அவர்மீது பாய முற்பட்டபோது, உரிமை உடையவருக்குப் பேசவும் உரிமை உண்டு என்று அண்ணலார் அவர்களைத் தடுத்தார்கள். அவர் தந்ததைவிடச் சிறந்த ஒட்டகத்தையே திருப்பிக் கொடுக்கவும் செய்தார்கள். எனவே, குரலின் உயரம் அளவுகோல் ஆகாது.

பின் எது அளவுகோல்? பக்தாதின் நிஜாமிய்யாக் கலாசாலையில் தலைமைப் பேராசிரியராய்த் திகழ்ந்து, 1095ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்து சென்ற இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், வாதமன்றங்களின் நோய்களைத் தம் கண்ணால் கண்டவர்கள். 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் நூலில் அவர்கள் தரும் விளக்கத்தின் கருத்து இது: உண்மையைத் தேடுபவன் தொலைத்த பொருளைத் தேடுபவனைப் போன்றவன். அது தன் கையில் கிடைத்தாலென்ன, பிறர் கையில் கிடைத்தாலென்ன? எடுத்துத் தந்தவருக்கு அவன் நன்றி கூறுவான். மேலும், கூட்டத்தின் நடுவே வாதிப்பதைவிடத் தனிமையில் வாதிப்பதையே அவன் விரும்புவான்.

இதிலிருந்து மூன்று அடையாளங்களை நாம் கண்டுகொள்ளலாம். விடை கிடைத்ததும் அதை எண்ணிப் பார்க்கிறாரா, அன்றி வேறொரு வினாவுக்குத் தாவுகிறாரா? பொருளைப் பேசுகிறாரா, ஆளைப் பேசுகிறாரா? வேடிக்கை பார்க்க எவருமே இல்லாவிடினும் இதைக் கேட்பாரா? உள்ளத்தின் எண்ணத்தை அறிபவன் இறைவன் ஒருவனே. நமக்குத் தெரிவது நடத்தை மட்டுமே.

இவ்வளவும் எழுதும் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரார் குழுவில் ஓர் இளைஞர் கேட்டார்: "மாப்பிள்ளை கைக்கூலி வாங்கியிருக்கிறாரா என்று விசாரிக்காமலேயே நிகாஹ் பதிவேட்டில் மஹரை எழுதுகிறோமே, இது முறையா?" பதில் வரவில்லை. மீண்டும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது, 'குழப்பம் விளைவிக்காதீர்' என்று நான் எழுதினேன். பலர் என்னைப் பாராட்டினார்கள். அவர் அடங்கிப்போனார்.

இரவில் எண்ணிப் பார்த்தேன். அவர் எவரையும் ஏளனம் செய்யவில்லை, பேச்சை மாற்றவில்லை, விடையைத்தான் கேட்டார். பொருளை விட்டு ஆளைப் பேசியவன் நான். கூட்டத்தின் பாராட்டில் மகிழ்ந்தவனும் நானே. மறுநாள் அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கோரினேன். புன்னகையுடன் மன்னித்தார். ஆயினும் அதன்பின் அவர் எதையும் கேட்பதில்லை. பதிவேட்டில் மஹர் மட்டுமே இன்றும் எழுதப்படுகிறது.

நேயர்களே! தூண்டில் இடுபவருக்கு விடை மௌனமே. அறிவிலிகள் வம்புக்கு வந்தால் 'ஸலாம்' கூறி விலகுவதே ரஹ்மானின் அடியார்களுடைய பண்பு என்று திருமறை கற்பிக்கிறது. ஆனால், நமக்குச் சங்கடம் தரும் வினாக்களை எல்லாம் தூண்டில் என்று முத்திரை குத்திவிட்டால், வம்பரால் விளைவதைவிடப் பெரிய தீங்கு நம்மால் விளையும். எவரையும் 'குழப்பவாதி' என்று அழைக்குமுன் ஒருமுறை அவருக்கு நேர்மையாக விடை கூறிப் பாருங்கள். அவர் யார் என்பதும், நாம் யார் என்பதும் அப்போது விளங்கும்.

நம் நாவையும் விரல்களையும் வல்ல நாயன் காத்தருள்வானாக! ஆமீன்.