பார்ட்டுக்கு வயது 10... அவன் குரலுக்கு?

வாட்ஸ்அப் வைத்திருக்கும் எல்லோரும் அந்த ஜிஃப்பை ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள். தொப்பை வைத்த மஞ்சள் மனிதர் ஒருவர், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், அப்படியே பின்னால் நகர்ந்து பச்சைப் புதருக்குள் மறைந்துபோவார். குடும்ப குரூப்பில் ‘இந்தத் தடவை கரன்ட் பில் யார் கட்டறது?’ என்று யாராவது கேட்டால் போதும், அடுத்த நொடி இது வந்து விழும்.

அந்த மஞ்சள் மனிதரின் பெயர் ஹோமர் சிம்ப்சன். அமெரிக்காவின் ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் வரும் அப்பா. அந்தப் புதர்க் காட்சி 1994-ல் ஒளிபரப்பான ஒரு எபிசோடில் வருவது. தனித் தொடராக 1989 டிசம்பர் 17-ல் ஆரம்பித்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 750 எபிசோடுகளைத் தாண்டியாகிவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் பிரைம் டைமில் இவ்வளவு காலம் ஓடிய கதைத் தொடர் வேறு எதுவும் இல்லை.

இத்தனை வருடத்திலும் அந்த வீட்டில் யாருக்கும் வயதாகவில்லை. மூத்தவன் பார்ட்டுக்கு 10 வயது, நாலாம் வகுப்பு. லிசாவுக்கு 8, இரண்டாம் வகுப்பு. குட்டிப் பாப்பா மேகி வாயில் இன்னும் அதே ரப்பர் சூப்பான்தான்.

ஆனால், இவர்களுக்காகப் பேசுகிறவர்கள் நிஜ மனிதர்கள் ஆயிற்றே! அவர்களுக்கு வயதாகிறது. சம்பளப் பிரச்னை வருகிறது. சிலர் இறந்தும் போனார்கள். இந்த வாரம் அந்தக் குரல்களின் கதை.

முதலில் குரல், பிறகுதான் படம்

டப்பிங் என்றால் நமக்குத் தெரியும். திரையில் படம் ஓடும், வாயசைவைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். இங்கே தலைகீழ்!

எபிசோடு எழுதி முடித்ததும் எல்லோரும் ஒரு பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார்கள். எந்த ஜோக்குக்குச் சிரிப்பு வரவில்லை என்று பார்த்து, எழுத்தாளர்கள் திருத்துவார்கள். அதன் பிறகு குரல் பதிவு. அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஓவியர்கள் காட்சிகளை வரைய ஆரம்பிப்பார்கள். வாய் எப்போது திறக்க வேண்டும், புருவம் எப்போது ஏற வேண்டும் என்பதையெல்லாம் குரல்தான் தீர்மானிக்கிறது. முக்கியமான ஓவியங்கள் லாஸ் ஏஞ்சலீஸில் தயாராகும். இடைப்பட்ட ஆயிரக்கணக்கான ஓவியங்களைத் தென்கொரிய ஸ்டூடியோக்களில் வரைவார்கள். ஒரு எபிசோடு முழுதாகத் தயாராகப் பல மாதங்கள் ஆகும்.

அதாவது, ஹோமர் என்று நாம் பார்க்கிற உருவம், ஏற்கெனவே பேசி முடித்த ஒரு மனிதரின் குரலுக்குப் போட்ட சட்டை.

இடம் மாறிய ஆடிஷன்

சிம்ப்சன் குடும்பம் முதலில் தனித் தொடராக வரவில்லை. 1987-ல் ‘தி டிரேசி உல்மன் ஷோ’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் இடையிடையே வந்த குட்டிக் கார்ட்டூன் அது. உருவாக்கியவர் மேட் கிரேனிங். பாத்திரங்களுக்குத் தன் குடும்பத்தின் பெயர்களையே வைத்தார். அப்பா ஹோமர், அம்மா மார்கரெட் என்கிற மார்ஜ், தங்கைகள் லிசா, மேகி. தன் பெயரை மட்டும் வைக்காமல், பையனுக்கு பார்ட் என்று பெயரிட்டார். வாலுப் பையனைக் குறிக்கும் ‘பிராட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றினால் ‘பார்ட்’!

பட்ஜெட் குறைவு. எனவே, அப்பா, அம்மா குரலுக்கு வெளியில் ஆள் தேடவில்லை. அந்த நிகழ்ச்சியில் ஏற்கெனவே நடித்துக்கொண்டிருந்த டான் காஸ்டெல்லனெட்டாவையும் ஜூலி காவ்னரையும் பேசச் சொன்னார்கள். பார்வையாளர் இருக்கைகளுக்கு மேலே ஒரு சாதாரண டேப் ரெக்கார்டரை வைத்துத்தான் பதிவே நடந்தது.

பிள்ளைகளுக்கு மட்டும் ஆடிஷன். நான்சி கார்ட்ரைட் என்ற 29 வயதுப் பெண் லிசாவுக்குப் பேச வந்தார். லிசாவைப் பற்றி அங்கே பெரிதாக எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த பார்ட்டின் வர்ணனையைப் பார்த்தார். பள்ளிக்கூடம் பிடிக்காதவன், குறும்பன், கெட்டிக்காரன். ‘நான் இந்தப் பையனுக்குப் பேசட்டுமா?’ என்று கேட்டார். பேசினார். அந்த இடத்திலேயே வேலை கிடைத்தது.

இன்னொரு பக்கம், பார்ட்டுக்குப் பேசிப் பார்க்க யார்ட்லி ஸ்மித் வந்திருந்தார். ‘உங்கள் குரல் ரொம்பப் பெண் குரலாக இருக்கிறதே’ என்று சொல்லி லிசாவைக் கொடுத்தார்கள். ஆக, உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பத்து வயதுப் பையனின் குரல் ஒரு பெண்ணுடையது. இன்றுவரை அவருடையதுதான்.

அகராதியில் ஏறிய முனகல்

ஹோமருக்கு ஏதாவது தப்பாகப் போனால் ‘டோ!’ என்று ஒரு சத்தம் போடுவார். ஸ்கிரிப்டில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. ‘எரிச்சலான முனகல்’ என்று மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார்கள். அதை எப்படிப் பேசுவது?

காஸ்டெல்லனெட்டாவுக்குப் பழைய லாரல் - ஹார்டி படங்களில் வரும் ஜேம்ஸ் ஃபின்லேசன் ஞாபகத்துக்கு வந்தார். வழுக்கைத் தலையும் பெரிய மீசையுமாக, கோபம் வந்தால் ‘டோ...’ என்று இழுப்பவர். அதையே செய்து காட்டினார். ‘கார்ட்டூனுக்கு இவ்வளவு நேரம் தாங்காது, சுருக்குங்கள்’ என்றார் கிரேனிங். அப்படிச் சுருங்கிய சத்தம் 2001-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. ஒரு நடிகர் அந்த நிமிடத்தில் யோசித்துச் செய்தது!

ஆறு பேரும் சம்பளச் சண்டையும்

முக்கியக் குரல் கலைஞர்கள் மொத்தம் ஆறு பேர். மேலே சொன்ன நால்வருடன் ஹாங்க் அசாரியா, ஹாரி ஷீரர். ஊரில் இருக்கும் மதுக்கடைக்காரர், போலீஸ் அதிகாரி, பள்ளி முதல்வர், பக்கத்து வீட்டுக்காரர், கஞ்சப் பணக்காரர் என்று பெரும்பாலான பாத்திரங்களை இவர்களே பிரித்துக்கொண்டு பேசினார்கள்.

டி-ஷர்ட், பொம்மை என்று எல்லா வழியிலும் பணம் கொட்டியது. ஆனால், 1998 வரை இவர்களுக்கு ஒரு எபிசோடுக்கு 30,000 டாலர். கூட்டிக் கேட்டபோது, ‘வேறு ஆட்களை வைத்துப் பேசவைத்துக்கொள்கிறோம்’ என்று தயாரிப்புத் தரப்பு மிரட்டியது. முகம் தெரியாத கலைஞர்கள்தானே, ஆளை மாற்றினால் யாருக்குத் தெரியும் என்ற கணக்கு. ஆறு பேரும் ஒன்றாக நின்றார்கள். சம்பளம் 1,25,000 டாலர் ஆனது. 2004-ல் மறுபடியும் பிரச்னை. ஆறு பேரும் ஸ்கிரிப்ட் படிக்கும் கூட்டத்துக்கே வரவில்லை. மறுபடியும் சம்பளம் ஏறியது. 2008-ல் அது சுமார் 4 லட்சம் டாலர்.

2011-ல் காற்று திசை மாறியது. ‘செலவு கட்டுப்படியாகவில்லை, குறைக்காவிட்டால் தொடரை நிறுத்த வேண்டியதுதான்’ என்றார்கள். ‘லாபத்தில் சிறு பங்கு கொடுங்கள், சம்பளத்தை நீங்கள் கேட்பதைவிட அதிகமாகவே குறைத்துக்கொள்கிறேன்’ என்று ஹாரி ஷீரர் வெளிப்படையாகச் சொன்னார். பங்கு மட்டும் கிடையாது என்று பதில் வந்தது. கடைசியில் சம்பளம் சுமார் 3 லட்சம் டாலராகக் குறைந்தது. அதுவே பெரிய தொகைதான். ஆனால், அந்தக் குரல்கள் சம்பாதித்துக் கொடுத்தது அதைவிடப் பல மடங்கு.

கரும்பலகையில் ஒரே ஒரு வரி

தொடரின் ஆரம்பத்தில் பார்ட் வகுப்பறையில் நின்று, தண்டனையாகக் கரும்பலகை நிறைய ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பான். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாக்கியம், சிரிப்பாக இருக்கும்.

அவனுடைய டீச்சர் மிஸஸ் கிராபாப்பல். குரல் கொடுத்தவர் மார்சியா வாலஸ். இந்தப் பாத்திரத்துக்காக 1992-ல் எம்மி விருது வாங்கியவர். 2013 அக்டோபரில் தன் 70-வது வயதில் காலமானார். அடுத்து வந்த எபிசோடில், பார்ட் கரும்பலகையில் ஒரே ஒரு வரிதான் எழுதினான். டீச்சர் இல்லாதது ரொம்பவும் வெறுமையாக இருக்கும் என்று அர்த்தம் வரும் வரி. அதைத் திரும்ப எழுதவில்லை.

வேறு குரலைத் தேடாமல் அந்த டீச்சரையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1998-ல் நடிகர் ஃபில் ஹார்ட்மன் கொல்லப்பட்டபோதும் இப்படித்தான் செய்தார்கள். அவர் பேசிவந்த வக்கீல் லயனல் ஹட்ஸும் நடிகர் டிராய் மெக்ளூரும் அதோடு நின்றுபோனார்கள்.

அபு ஏன் பேசுவதில்லை?

மளிகைக் கடை நடத்தும் இந்தியர் அபு. சத்யஜித் ராயின் ‘அபு’ படங்களிலிருந்து எடுத்த பெயர். பேசியவரோ அமெரிக்கரான ஹாங்க் அசாரியா. கடைக்காரர் இந்தியராக இருக்க வேண்டும் என்று முதலில் திட்டமே இல்லை. ஸ்கிரிப்ட் படிக்கும்போது அசாரியா இந்தியர்களைப்போல் ஆங்கிலம் பேசிக் காட்ட, அறையே சிரித்தது. அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த அறையில் சிரித்தவர்களுக்கு அது ஒரு ஜோக். அமெரிக்கப் பள்ளிகளில் படித்த இந்தியக் குழந்தைகளுக்கு அது தினசரித் தொல்லை. அபுவின் வசனத்தை அதே உச்சரிப்பில் சொல்லிக் கேலி செய்வார்கள். 2017-ல் இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு, ‘தி ப்ராப்ளம் வித் அபு’ என்ற ஆவணப்படத்தில் இதைப் பேசினார். ‘எல்லோரையும்தானே கிண்டல் செய்கிறார்கள்?’ என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால், அந்தக் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தியர் என்றால் கிட்டத்தட்ட அபு ஒருவர்தான் என்பது கொண்டபோலுவின் வாதம்.

2020 ஜனவரியில், இனி அபுவுக்குப் பேசப்போவதில்லை என்று அசாரியா அறிவித்தார். மற்ற இனத்தவர் பாத்திரங்களுக்கு வெள்ளையர்கள் குரல் கொடுக்கமாட்டார்கள் என்று அதே ஆண்டு தொடரும் அறிவித்தது. 2021-ல் அசாரியா வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தன் மகனின் பள்ளியில் இந்திய மாணவர்களைச் சந்தித்ததை அப்போது சொன்னார். அவர்களில் 17 வயதுப் பையன் ஒருவன் ‘சிம்ப்சன்ஸ்’ பார்த்ததே இல்லை. ஆனால், ‘அபு’ என்ற பெயர் அவனைக் காயப்படுத்தியிருந்தது. அவரிடம் பேசும்போது கண்கலங்கினானாம்.

அதன் பிறகு அபு எப்போதாவது கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறார், பேசுவதில்லை.

2029-ல் என்ன வயது?

2024 நவம்பரில், பார்ட்டின் நண்பன் மில்ஹவுஸுக்கு 35 வருடங்கள் குரல் கொடுத்த பமீலா ஹேடன் ஓய்வு பெற்றார். இந்த முறை பாத்திரத்தை நிறுத்தவில்லை. கெல்லி மெக்லியோட் என்ற புதிய கலைஞர் பேசுகிறார்.

2029 வரை தொடர் உண்டு என்று 2025-ல் அறிவித்துவிட்டார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஹோமருக்கும் பார்ட்டுக்கும் பேசுகிறவர்களுக்கு 71 வயது. அம்மா மார்ஜுக்குப் பேசும் ஜூலி காவ்னருக்கு 78. ஹாரி ஷீரருக்கு 85. பார்ட்டுக்கு அப்போதும் 10 வயதுதான்!

ஏஐ-யிடம் பழைய பதிவுகளைக் கொடுத்துப் பேசவைக்கலாமே என்று தோன்றலாம். அந்தப் பயம் அசாரியாவுக்கும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்களுக்குப் பேசியவர் அவர். 2025-ல் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி எழுதினார். சத்தத்தை இயந்திரம் நகலெடுத்துவிடலாம், ஆனால் பேசும்போது உடம்பும் மனசும் சேர்ந்து வேலை செய்கிறதே, அது எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. ‘எரிச்சலான முனகல்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தபோது ஃபின்லேசனை நினைத்துக்கொண்டது ஒரு மனிதர்தானே!

கடைசியாக ஒரு குட்டித் தகவல்

சூப்பான் சப்பும் மேகி முதல் வார்த்தை பேசியது 1992 டிசம்பரில். அந்த ஒரே வார்த்தைக்காக ஸ்டூடியோவுக்கு வந்தவர் ஹாலிவுட் பேரழகி எலிசபெத் டெய்லர். ஹோமர் பாப்பாவைத் தொட்டிலில் படுக்கவைத்து, நீ பேசவே வேண்டாம், பேச ஆரம்பித்தால் எதிர்த்துப் பேசுவாய் என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்.

மேகி சூப்பானை எடுத்துவிட்டு, இருட்டில் மெதுவாகச் சொல்கிறாள்: ‘டாடி.’

ஹோமருக்குக் கேட்கவில்லை. நமக்குக் கேட்டது.

அடுத்த வாரம் சந்திப்போம்!